கோணிய வாய்க்கு ஒரு மிடறு

என் வாயத்தானே பாக்குறீங்க? நல்லா பாருங்க அக்கா, ஒண்ணுமில்ல. பஸ்ஸுல ஏறுற எல்லாரும் ஒரு தடவை பாப்பாங்க, அப்புறம் ஜன்னலுக்கு வெளிய எதையோ தொலைச்ச மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க. நீங்க திரும்பல. அதான் சொல்றேன். பக்கவாதம் இல்ல, பயப்படாதீங்க. முகத்துல ஓடுற நரம்பு. முகவாதம்னு சொல்லுவாங்க. இப்ப நீங்க பாக்குறது முக்கால்வாசி சரியானது. அப்ப பாத்திருந்தீங்கன்னா பக்கத்துல உக்காந்திருக்கவே மாட்டீங்க.

இல்ல, உக்காந்திருப்பீங்களோ என்னமோ. யாரும் உக்காரமாட்டாங்கன்னு நாந்தான் நெனச்சுக்கிட்டேன்.

என் பேரு சாரோன். வீட்டுக்காரர் துரைசிங் ஐயர். எங்க பக்கம் பாதிரியாரத்தான் ஐயர்னு சொல்றது. அவர் வீட்டம்மா ஐயரம்மா. ஐயரம்மான்னா என்ன உத்தியோகம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. சம்பளம் இல்ல, லீவு இல்ல. கோயில்ல முதல் பெஞ்சு. முதல் பெஞ்சுல உக்காந்தா பின்னாடி இருக்குற அத்தனை கண்ணும் நம்ம முதுகுலதான். சேலை மடிப்பு ஒண்ணு சரிஞ்சா அடுத்த வாரம் வரைக்கும் ஊர்ல பேச்சு. அப்படித்தான் நான் நெனச்சேன்.

நாங்க இருக்குறது தேரிக்காட்டுப் பக்கம் நம்பிக்கைபுரம்னு ஒரு ஊரு. செம்மண்ணு. காத்தடிச்சா குருமனைக்குள்ள, அதான் ஐயர் குடியிருக்குற வீடு, சோத்துத் தட்டு வரைக்கும் மண்ணு வரும். அப்பல்லாம் நான் ஓயாம பெருக்குவேன். பெருக்கி முடிச்சு நிமிருவேன், இன்னொரு காத்து வரும். மண்ணுக்காக அழுதிருக்கேன் அக்கா. விளையாட்டுக்குச் சொல்லல, துடைப்பத்தக் கையில வச்சுக்கிட்டு நின்னு அழுதிருக்கேன்.

பீடத்துப் பூவ வாலிபப் பிள்ளைங்க சனிக்கிழமை சாயங்காலம் அடுக்கிட்டுப் போவாங்க. அவங்க போனதும் நான் போய் எல்லாத்தையும் உருவிட்டு மறுபடி அடுக்குவேன். இவங்க, அதான் எங்க வீட்டுக்காரர், கோயில்ல போடுற அங்கிய இஸ்திரி போட்டு, மடிச்சு, பிரிச்சு, திரும்பப் போடுவேன். மாதர் சங்கத்துல ஜெபம் பண்ணச் சொன்னா முந்தின நாளே எழுதி மனப்பாடம் பண்ணிக்குவேன். ஐயரம்மா ஜெபம்னா தேன் மாதிரின்னு சொல்லுவாங்க. தேன்தான். காய்ச்சி, வடிகட்டி, பாட்டில்ல அடைச்ச தேன். பாடகர் குழுவையும் நாந்தான் நடத்துனேன். யாராவது ஒருத்தர் ஒரு ஸ்வரம் விட்டாலும் எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு இறங்காது. அவங்களத் திட்டமாட்டேன். நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து தலைவலின்னு படுத்துக்குவேன்.

ஏன் இப்படி இருந்தேன்னு கேப்பீங்க. எனக்கு முன்னாடி எங்க வீட்ல ஒரு பொம்பளப்பிள்ளை. அதுக்கும் சாரோன்னுதான் பேரு. மூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அப்புறம் நான் பிறந்தேன். அந்தப் பேரையே எனக்கும் வச்சாங்க. ஆண்டவர் திருப்பிக் குடுத்தாருன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவா. திருப்பிக் குடுத்த பொருள் எப்படி இருக்கணும்? வாங்கிட்டுப் போன மாதிரியே இருக்கணும்ல? நான் பாலக் கொட்டுனா, "அவ ஒரு சொட்டு கீழ விடமாட்டா"ம்பா. நான் பாவாடைய மண்ணாக்குனா, "அவ போட்ட சட்டை பொழுது சாயுற வரைக்கும் வெள்ளையாவே இருக்கும்"பா. மூணு வயசுப் பிள்ளை அக்கா! எந்த ஊர்ல மூணு வயசுப் பிள்ளை பாலக் கொட்டாம இருக்கு? இது எனக்கு உறைக்கிறதுக்குள்ள என் தலையில பாதி நரைச்சிருச்சு.

சரி, வாய்க்கு வரேன்.

திடப்படுத்தல் ஆராதனைக்கு, அதான் வளந்த பிள்ளைங்களச் சபையில முழுசாச் சேத்துக்குற நாளுக்கு, பேராயர் வராருன்னு சொன்னாங்க. நம்பிக்கைபுரத்துக்குப் பேராயர் வந்து வருஷக்கணக்காச்சு. எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்ல. பாட்டுப் பயிற்சி, சமையல், வீடு, திரைச்சீலை, கழுவுன தம்ளரத் திரும்பக் கழுவுறது. இவங்க சொன்னாங்க, "பேராயரும் மனுஷர்தான் சாரோன், நம்ம வீட்டுத் தம்ளர்லதான் குடிப்பாரு." நான், "உங்களுக்கென்ன, பேசிட்டுப் போயிருவீங்க"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலையில எந்திரிச்சு வாய் கொப்பளிக்கிறேன், தண்ணி ஒரு பக்கமா தானா ஒழுகிருச்சு. திரும்பக் கொப்பளிச்சேன். ஒழுகிருச்சு. கண்ணாடியில பாத்தா வலது பக்கம் யாரோ நூலப் பிடிச்சுக் கீழ இழுத்த மாதிரி இருக்கு. கண்ண மூடுறேன், இடது கண்ணு மூடுது, வலது கண்ணு என்னையே பாக்குது.

வேற யாராவதா இருந்தா அலறி ஆளக் கூப்பிட்டிருப்பாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மத்தியானம் வரைக்கும் இது தாங்கினா போதும், பேராயர் போகட்டும்னு நெனச்சேன். முந்தானைய இழுத்துத் தலையோட முகத்தயும் பாதி மூடிக்கிட்டேன். இவங்க அதிகாலையிலயே கோயிலுக்குப் போயிட்டாங்க, பாக்கல.

பாட்டு ஆரம்பிச்சுது. முதல் வரியில "மகிமை"ன்னு எடுக்கணும். எனக்கு "வகிவை"ன்னு வந்துச்சு. உதடு ஒட்டலையே, "ம" எப்படி வரும்? சத்தமா வேற எடுத்துட்டேன். என்னப் பாத்துப் பாடுற பொம்பளைங்க அத்தனை பேரும் நின்னுட்டாங்க. முன்னாடி உக்காந்திருந்த ஒரு சின்னப் பிள்ளை சிரிச்சிருச்சு. முந்தானை நழுவிருச்சு. பேராயர் பாத்தாரு. இவங்க பாத்தாங்க. சபை பூராவும் பாத்துச்சு. பக்கக் கதவு வழியா வெளிய ஓடினேன். அன்னைக்கு ஓடினவ, அந்தக் கோயிலுக்குள்ள திரும்ப நுழைய மாசக்கணக்காச்சு.

அன்னைக்கே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டாக்டர் நல்ல மனுஷன். நரம்பு வீங்கியிருக்கு, மாத்திரை தரேன், பயிற்சி சொல்லித் தருவாங்க, நிறையப் பேருக்குத் தானாவே சரியாயிரும்னாரு. நிறையப் பேருக்குன்னா எனக்கும்தானே? நான் எந்தப் பரீட்சையில தோத்தேன்? கண்ணாடி முன்னாடி உக்காந்தேன். உதட்டக் குவிக்கிறது, கன்னத்த ஊதுறது, புருவத்தத் தூக்குறது. கொஞ்ச நேரம் பண்ணச் சொன்னாங்க. நான் எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் பண்ணுவேன். பயிற்சி சொல்லிக்குடுத்த பொண்ணு, "அம்மா, இப்படி முறுக்காதீங்க, நரம்புக்கு ஓய்வு வேணும், அதிகமாப் பண்ணா தப்பா இழுத்துக்கும்"ன்னா. சோம்பேறிப் பிள்ளைன்னு நெனச்சேன். அவ சொன்னதுதான் நடந்துச்சு. இப்ப பாருங்க, நான் சிரிச்சா இந்தக் கண்ணு சுருங்குது. அது நானா பண்ணிக்கிட்டது.

சாப்பிட்டா பருக்கை கன்னத்துல தங்கும். டீ குடிச்சா மோவாய் வழியா ஓடும். தூங்கும்போது கண்ணுக்கு மேல டேப் ஒட்டணும். இவங்கதான் ஒட்டுவாங்க. ஒட்டும்போது என் முகத்த அவ்வளவு கிட்டத்துல பாப்பாங்களே, எனக்கு உடம்பு கூசும். "ஒண்ணும் தெரியல சாரோன், நல்லாயிட்டே வருது"ம்பாங்க. பொய் சொல்றாங்கன்னு எனக்குத் தெரியும். ஒரு ஐயர் என்கிட்ட பொய் சொல்றாரு, அந்த அளவுக்கு நான் அசிங்கமாயிட்டேன்னு நெனச்சுக்குவேன்.

பாக்க வந்தவங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. தெரியவே இல்ல ஐயரம்மா, தெரியவே இல்ல. கிருபாவதி ஒருத்திதான் வாசப்படியில நின்னுக்கிட்டே, "ஐயோ, இம்புட்டுல்லா கோணிக் கிடக்கு!"ன்னா. கையில பனங்கற்கண்டுப் பொட்டலம். எனக்கு வந்த கோவம் கொஞ்ச நஞ்சமில்ல. கிருபாவதி எங்க பாடகர் குழுவுல இருக்கா, வயசுல என்னைவிட மூத்தவ, கட்டையான சாரீரம், எந்தப் பாட்டையும் மாட்டுவண்டி மாதிரி இழுத்துக்கிட்டுப் போவா. நான் ஓடிப்போன அடுத்த வாரமே குழுவ அவதான் ஏத்து நடத்த ஆரம்பிச்சா. யார் சொன்னா? யாரும் சொல்லல. யாரும் இல்லேன்னு அவளா போய் முன்னாடி நின்னுட்டா. நான் குருமனை ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு கேப்பேன். இழுவை அக்கா, அப்படி ஒரு இழுவை. இன்னைக்கும் அப்படித்தான் இழுக்கிறா. ஜனங்களும் அவ பின்னாடியே பாடிக்கிட்டுப் போகும். நான் சரியா நடத்துனப்பகூட அவ்வளவு சத்தமாப் பாடினதில்ல. அது வேற எரிச்சல்.

அப்புறம் வெளியூர்ல இருந்து ஒரு பிரசங்கியார் வந்தாரு. மூணு நாள் கூட்டம். ஒலிபெருக்கி வச்சதால எனக்கு வீட்டுக்குள்ளயே கேட்டுச்சு. பேர் சொல்லல, ஆனா சொன்னாரு. ஊழியக்காரன் வீட்டுல ஒளிச்சு வச்ச பாவம் இருந்தா ஆண்டவர் அத முகத்துலயே எழுதுவாராம். நாக்க அடக்காதவளோட வாயக் கோணவைப்பாராம். கூட்டம் முடிஞ்சதும் இவங்க அவர்கிட்ட சத்தம் போட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். இவங்க சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. ஆனா எனக்கு அன்னைக்கு அந்தப் பிரசங்கியார் சொன்னது சரின்னுதான் பட்டுச்சு. எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எதுன்னுதான் தெரியல. தேட ஆரம்பிச்சேன். சின்ன வயசுல இருந்து செஞ்சது, நெனச்சது, நெனக்காம விட்டது, ஒவ்வொண்ணா அறிக்கை பண்ணுவேன். எதையாவது விட்டுட்டேனோன்னு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். உபவாசம் இருந்தேன். ஆண்டவரே, சரியாக்கிக் குடும், இனிமே இன்னும் சரியா இருக்கேன்னு கெஞ்சினேன். இன்னும் எப்படிச் சரியா இருப்பேன்னு நான் யோசிக்கவே இல்ல பாருங்க.

அம்மா வந்தா, என்னக் கவனிச்சுக்க. வந்தவ என் முகத்தப் பாத்தா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னப் பாக்கவே இல்ல. சோறு வைப்பா, தட்டப் பாத்து வைப்பா. தலை சீவி விடுவா, பின்னாடி நின்னு. ஒரு நாள் அடுப்படியில நின்னு தனக்குத்தானே சொல்றா, "நல்லவேளை, இதப் பாக்க அவங்கப்பா இல்ல." எனக்குக் கேட்டுருச்சு. "அம்மா, என்னப் பாத்துச் சொல்லு"ன்னேன். அவ திரும்பல. முந்தானையால கண்ணத் துடைச்சுக்கிட்டு, "என் சாரோன் எப்படி இருந்தா"ன்னா. எந்தச் சாரோனச் சொன்னான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நான் கேக்கல.

அதுக்கப்புறம் எனக்குள்ள ஏதோ விட்டுப்போச்சு அக்கா. பயிற்சிய நிறுத்துனேன். ஜெபத்த நிறுத்துனேன். பெருக்குறதயும் நிறுத்திட்டேன். வீடு முழுக்கச் செம்மண்ணு. மண்ணுல நடந்து போய்ப் படுப்பேன், எந்திரிச்சு மண்ணுலயே உக்காந்திருப்பேன். இவங்க கஞ்சி வைப்பாங்க, உப்பு இருக்காது. "ஞாயித்துக்கிழமை வரலேன்னா பரவாயில்ல சாரோன்"னு சொன்னாங்க. என்ன வெளிய காட்ட இவங்களுக்கே வெக்கமா இருக்குன்னு எடுத்துக்கிட்டேன். அந்த வார்த்தைய மடியில கட்டி வச்சுக்கிட்டு அலைஞ்சேன்.

அசனப் பண்டிகை வந்துச்சு. ஊரே கோயில் வளாகத்துல உக்காந்து ஒண்ணாச் சாப்பிடுற நாள். அம்மாவும் ஊருக்குப் போயிட்டா. மத்தியானம். பெரிய பெரிய அண்டாவுல சோறு பொங்குற சத்தமும் பிள்ளைங்க கத்துறதும் கேக்குது. போன வருஷம் அந்தச் சோறு குழைஞ்சிருமோன்னு அண்டா பக்கத்துலயே நின்னவ நான். இந்த வருஷம் நான் இல்லாமலே சோறு பொங்குது. நல்ல வாசனை வேற. அப்ப எனக்குத் தோணுச்சு, நான் எதுக்குன்னு. பாட முடியாது. ஜெபம் பண்ண முடியாது. நாலு பேர் முன்னாடி ஒரு வாய் டீ குடிக்க முடியாது. பெத்த தாய் பாக்கமாட்டேங்குறா. சரியா இருந்தப்பதான் நான் நான். சரியா இல்லேன்னா நான் யாருமில்ல.

குருமனைக்குப் பின்னாடி ஒரு பழைய கிணறு. அங்க போனேன். எதுக்குப் போனேன்னு நீங்களே புரிஞ்சுக்குவீங்க, நான் வாயால சொல்லல. செருப்பக் கழட்டி, ரெண்டையும் சேத்து, நேரா வச்சேன். அப்பவும் நேரா! ஒண்ணு லேசாத் திரும்பியிருந்துச்சு, குனிஞ்சு சரிபண்ணேன். பண்ணிட்டு எட்டிப் பாக்கும்போது ஒரே ஒரு நெனப்பு. என்ன வெளிய எடுப்பாங்க, இந்த வாயோட கிடத்தி வைப்பாங்க, ஊரே வந்து பாக்கும்னு. சிரிக்காதீங்க அக்கா. என்னப் பிடிச்சு நிறுத்துனது விசுவாசம் இல்ல. வெக்கம்தான்.

சாகக்கூட லாயக்கில்லன்னு அந்தக் கைப்பிடிச் சுவர்ல சாஞ்சு தரையில உக்காந்துட்டேன். உக்காந்து கத்தினேன். ஆண்டவரத் திட்டினேன். மனப்பாடம் பண்ணினது ஒண்ணும் வரல. "பிதாவே"ன்னு சொல்லப் போனா காத்துதான் வருது. "அப்பா"ன்னு சொல்லிப் பாத்தேன், அழுகையோட சேந்து "அவ்வா"ன்னு வருது. பல்லு முளைக்காத பிள்ளை சொல்றாப்ல. அவ்வா, அவ்வா. அதுக்கு மேல எனக்கு வார்த்தை இல்ல. எச்சில் ஒழுகுது, மூக்கு ஒழுகுது, ஒரு கண்ணு மூடமாட்டேங்குது. அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

வெளிச்சம் வந்துச்சு, சத்தம் கேட்டுச்சுன்னெல்லாம் சாட்சி சொல்றவங்க இருக்காங்க. எனக்கு ஒண்ணும் வரல. வெயில்தான் அடிச்சுது. ஆனா ஒண்ணு சொல்றேன். என் வாழ்நாள்ல நான் ஜெபம் பண்ணும்போதெல்லாம், இது நல்லா இருக்கான்னு என் காதே கேட்டுக்கிட்டிருக்கும். அன்னைக்கு என் காது கேக்கல. வேற யாரோ கேக்குறாங்கன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கு மேல சொல்லத் தெரியல.

இவங்க தூக்குவாளியில அசனச் சோறு எடுத்துக்கிட்டு வந்தாங்க. வீட்ல தேடிட்டுப் பின்னாடி வந்தவங்க முதல்ல செருப்பத்தான் பாத்தாங்க. வாளி கீழ விழுந்துச்சு. சோறும் சாம்பாரும் மண்ணுல. அப்புறம்தான் சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்த என்னப் பாத்தாங்க. கிட்ட வந்து, அங்கியோட அந்த மண்ணுலயே உக்காந்தாங்க.

"எனக்குப் பயமா இருக்கு சாரோன்."

"நான் இருந்து உங்களுக்கு என்ன பிரயோஜனம்? என்னக் கூட்டிட்டுப் போக உங்களுக்கே வெக்கம்."

"வெக்கமா? யார் சொன்னா?"

"நீங்கதான் வரவேண்டாம்னு சொன்னீங்க."

"வரலேன்னா பரவாயில்லன்னு சொன்னேன். உன்ன வருத்தக்கூடாதுன்னு சொன்னேன்." சொல்லிட்டு இவங்க அழுதாங்க அக்கா. எத்தனையோ சாவு வீட்டுல நின்னு ஆறுதல் சொன்ன மனுஷன். என் தோள்ல சாஞ்சு அழுதாங்க. மறுநாளே பாளையங்கோட்டையில மனசு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஐயர் பொண்டாட்டி மனசு டாக்டர்கிட்ட போறான்னு பேசுவாங்களேன்னேன். பேசட்டும்னாங்க. அந்த மாத்திரை ரொம்ப நாள் சாப்பிட்டேன். அத மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? அதுவும் ஆண்டவர் குடுத்ததுதான்.

அந்த மாசம் திருவிருந்து வந்துச்சு. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எங்க கோயில்ல மாசம் ஒரு தடவை அப்பமும் திராட்சரசமும் குடுப்பாங்க, ஆண்டவர் தன் சரீரத்தயும் ரத்தத்தயும் குடுத்தத நெனச்சு. எல்லாருக்கும் ஒரே பாத்திரம். பீடத்துக்கு முன்னாடி இருக்குற கிராதியில வரிசையா முழங்கால் போடுவோம். ஐயர் பாத்திரத்த வாயில சாச்சுக் குடுப்பாரு, ஓரத்தத் துணியால துடைப்பாரு, அடுத்தவங்களுக்குக் குடுப்பாரு.

"பாட வேண்டாம் சாரோன். முன்னாடி உக்கார வேண்டாம். இதுக்கு மட்டும் வா"ன்னாங்க.

"சிந்தும்."

"சிந்தட்டும்."

"என் வாய்ல இருந்து அதுக்குள்ளயே திரும்ப விழும். அடுத்தவங்க எப்படிக் குடிப்பாங்க?"

இவங்க ஏதாவது வேத வாக்கியம் சொல்லப் போறாங்கன்னு பாத்தேன். "அது எனக்குத் தெரியல. ஆனா நீ வா"ன்னாங்க.

போனேன். வெள்ளைச் சேலைதான், எங்க ஊர்ல திருவிருந்துன்னா அதான் வழக்கம். கடைசி பெஞ்சு. எல்லாரும் போய் வந்ததுக்கு அப்புறம் கடைசி ஆளாப் போகணும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன். எனக்கு அப்புறம் யாரும் அந்தப் பாத்திரத்துல வாய் வைக்க வேண்டியதில்லல்ல? வரிசை முடிஞ்சுது. எந்திரிச்சுப் போய் கிராதி ஓரத்துல முழங்கால் போட்டேன். பக்கத்துல திடீர்னு ஒரு மூச்சு வாங்குற சத்தம். பாத்தா கிருபாவதி. பாட்டு முடிச்சுட்டுக் குழுவுல இருந்து கடைசியா வந்திருக்கா. எந்திரிச்சு ஓடிரலாம்னு இருந்துச்சு. எத்தனையோ பேர் இருக்க, இவதானா?

இவங்க வந்தாங்க. அப்பத்தக் கையில வச்சாங்க. அத ஒருமாதிரி முழுங்கிட்டேன். பாத்திரம் வந்துச்சு. வாயத் திறந்தேன். இவங்க சாச்சாங்க. என்ன மெதுவாச் சாச்சாலும் இந்த உதடு பிடிக்கலையே. பாதி உள்ள போச்சு. மீதி மோவாய் வழியா இறங்கிக் கழுத்துல ஓடி நெஞ்சுல, வெள்ளைச் சேலையில. கொஞ்சம் பாத்திரத்துக்குள்ளயும் திரும்ப விழுந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. இவங்களுக்கும் தெரிஞ்சுது.

அப்ப இவங்க சொல்லிக்கிட்டிருக்குற வார்த்தை, உனக்காகச் சிந்தப்பட்ட ரத்தம்னு. எல்லாருக்கும் சொல்றதுதான். ஐயரக் கட்டினதுல இருந்து கேட்டுக்கிட்டிருக்குற வார்த்தை. இவங்க உச்சரிப்பு சரியா இருக்கா, குரல் கம்முதான்னுதான் நான் கேட்டிருக்கேனே தவிர அந்த வார்த்தையக் கேட்டதில்ல. சிந்தப்பட்ட. நான் சிந்திக்கிட்டே கேக்குறேன். உனக்காகன்னு சொல்றாங்க. சரியாப் பாடுற உனக்காகன்னு சொல்லல. செத்துப்போன பிள்ளைக்குப் பதிலா வந்த உனக்காகன்னு சொல்லல. ஒரு சொட்டும் கீழ விடாத உனக்காகன்னு சொல்லல. உனக்காக. இந்தக் கோண வாயோட ஒழுகிக்கிட்டு முழங்கால்ல நிக்கிற இந்த உனக்காக. எனக்கு முன்னாடியே அவர் சிந்திட்டாரு அக்கா. நான் இனி என்னத்தச் சிந்தாம காப்பாத்தணும்?

இவங்க துடைக்கிறதுக்குத் துணிய எடுத்தாங்க. அதுக்குள்ள கிருபாவதி கையை நீட்டிப் பாத்திரத்தோட அடியப் பிடிச்சுத் தன் பக்கம் இழுத்துட்டா. துடைக்க விடல. நான் வாய் வச்ச அதே இடத்துல வாய வச்சு, ஒரு மிடறு, நல்லா வாய் நிறையக் குடிச்சா. குடிச்சுட்டு, கிராதியப் பிடிச்சு, உஸ்ஸுன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

ரொம்ப நாள் கழிச்சு அவகிட்ட கேட்டேன், "ஏன் அக்கா அன்னைக்கு ஐயர் துடைக்கிறதுக்குள்ள வாங்கிட்டீங்க?"ன்னு. "எனக்கு மூட்டு வலிக்கி ஐயரம்மா. எம்புட்டு நேரந்தான் முழங்கால்லயே நிக்கச் சொல்லுதிய?"ன்னா. அதுதான் நெசமா, இல்ல வேணும்னு செஞ்சாளான்னு எனக்குத் தெரியாது. அவ சொல்லவும் மாட்டா. இப்ப நான் அவ குழுவுலதான் பாடுறேன், பின் வரிசையில. "ம"வும் "ப"வும் வந்துருச்சு, ஆனா நீட்டிப் பாடினா வாய் ஒரு பக்கம் போகும். அவ இழுக்குற இழுவைக்கு நீட்டாம முடியுமா? கொஞ்சம் வேகமா எடுக்கலாம்னு அவகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். போன வாரம்கூட சொன்னேன். திருந்தமாட்டேங்குறா. நான் அதையெல்லாம் இப்ப பெருசு பண்றதில்ல.

அன்னைக்கு நான் பெஞ்சுக்குத் திரும்பி வந்து உக்காந்தேன். எங்க முறைப்படி மிச்சம் இருக்குறத ஐயரே குடிச்சு முடிக்கணும், கீழ ஊத்தக்கூடாது. இவங்க பீடத்துப் பக்கம் திரும்பி நின்னாங்க. பாத்திரத்த ரெண்டு கையாலயும் எடுத்தாங்க. அதுல என்ன இருக்குன்னு இவங்களுக்குத் தெரியும். சட்டுன்னு முழுங்கிருவாங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு மிடறா, நிறுத்தி நிறுத்திக் குடிச்சாங்க. அதுக்கு அவ்வளவு நேரம் தேவையே இல்ல. முறை, அதான் குடிச்சேன்னுதான் இன்னைக்கும் சொல்றாங்க.

பக்கத்துல இருந்த ஒரு அம்மா என் சேலையப் பாத்துட்டுக் காதுல சொன்னாங்க, "ஐயரம்மா, கறை பிடிச்சிரும், வெளிய குழாய் இருக்கு, போய்க் கழுவிட்டு வாங்க."

"இருக்கட்டும்மா"ன்னேன். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன்.